ராஜ்மாவின் வயிறு சிவப்பு இல்லை

அகல்யாவின் பிறந்தநாளன்று, மீன் கடை வைத்திருக்கும் அவள் மாமா பிரதீப் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். அதற்குள் இருந்தது பழுப்பு நிறத்தில் ஒரு பிராணி. நான்கு கால், நீண்ட வால். பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் பல்லி அல்ல, தவளைக்குத்தான் சொந்தம். 'சைனீஸ் ஃபயர் பெல்லி நியூட்' என்று தொட்டியின் மேல் சீட்டு ஒட்டியிருந்தது. சீனத்து நியூட், வயிறு நெருப்பு நிறம் என்று அர்த்தம். அகல்யா அதற்கு ராஜ்மா என்று பெயர் வைத்தாள். அந்தப் பருப்பின் நிறம்தான் அதற்கு.

பிப்ரவரியில் வந்த ராஜ்மா மே மாதம் பிறந்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டது. தொட்டியில் விளிம்புவரை தண்ணீர். அது மேல்மட்டத்திலேயே மிதந்து, முன்னங்கால்களால் கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. "வெயில்தான், பழகிடும்" என்றான் பிரதீப். அகல்யா பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் மதுமதிக்குப் போன் செய்தாள்.

மதுமதி, பிரதீப்புக்குப் பேசி முடித்திருக்கும் பெண். கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறவள். சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் டில்லி மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸின் மாடிப்படி ஏறி வந்துவிட்டாள்.

அகல்யாவின் அம்மா வத்சலாவுக்கு அதில் அவ்வளவாகப் பிரியம் இல்லை. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். தம்பி பொண்டாட்டியாக வரப்போகிறவளுக்கு முதல் முதலாக வீட்டில் காட்டுவது ஒரு மீன் தொட்டியா? லோதி ரோடு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசராக இருக்கும் வத்சலா, விடுமுறை நாளில் காலையிலேயே கேசரி கிளறி வைத்திருந்தாள்.

"முதல்ல உக்காரும்மா. காபி குடி" என்றாள்.

"அப்புறம் குடிக்கிறேன் அண்ணி. அதை மொதல்ல பாத்துடறேன்."

ஹாலில் கூலர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்று மனிதர்களை நோக்கி அல்ல, தொட்டியை நோக்கித் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. ஐஸாக உறையவைத்த பெப்சி பாட்டில் ஒன்று தண்ணீரில் மிதந்தது.

"ஐஸ் போட்டது நீயா?" என்று கேட்டாள் மதுமதி.

"ஆமா மதுக்கா. தண்ணி கரம் ஆயிடுது, ஒரே சூடு. ஸ்கூல் போனா அம்மாவை மாத்தச் சொல்லுவேன். அம்மா மறந்துடுவா."

"நான் ஆபீஸ் போவேனா, உன் ஜந்துவுக்கு ஐஸ் மாத்துவேனா?" என்றது சமையலறை.

அதன் தோலுக்கு ஆகாது என்று மதுமதி சோப்பு போடாமல் கையைக் கழுவினாள். ஈரக் கையோடு ராஜ்மாவை அள்ளி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் வைத்தாள். பாத்திரத்தைத் தலைக்கு மேல் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் அடியிலிருந்து பார்த்தாள். அகல்யாவும் தலையை ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"நெட்ல இருக்கிற ஃபோட்டோல எல்லாம் வயிறு ஃபுல்லா லால், ஒரே சிவப்பு. அதுல கறுப்பு ஸ்பாட்ஸ். இது பாருங்க, மேல எப்படியோ கீழயும் அப்படித்தான்" என்றாள் அகல்யா. "மாமாகிட்ட கேட்டேன். இன்னும் குட்டி, பெரிசானா கலர் வரும்னார்."

"இது குட்டி இல்ல அகல்யா."

"மத்லப்? அப்படின்னா?"

"நல்லா வளர்ந்தது. சீனத்து நியூட் உன் விரலைவிடக் கொஞ்சம் நீளம் வரும். இது உன் உள்ளங்கையைத் தாண்டிப் போகுது பாரு." மதுமதி பாத்திரத்தை மேஜையில் வைத்தாள். "தலையோட ரெண்டு ஓரத்துலயும் வரப்பு மாதிரி எலும்பு எழும்பி இருக்கு. முதுகு நடுவுல ஒரு மேடு. அதுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா முடிச்சு முடிச்சா இருக்கே, விலா எலும்போட நுனி அங்கதான் வருது. சீனத்துக்கு இந்த முடிச்சே கிடையாது."

அகல்யா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை நாள் தினமும் பார்த்த முடிச்சுகள்தான்.

"வாலுக்கு அடியில மட்டும் மஞ்சளா ஒரு கோடு தெரியுது" என்றாள்.

"ஆமா."

மதுமதி போனை எடுத்துத் தலை, முதுகு, வயிறு, வால் என்று நான்கு பக்கமும் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். அவள் உதடு இறுகிப்போயிருந்ததைக் காபி டம்ளரோடு வந்த வத்சலாவும் கவனித்தாள்.

"என்னம்மா, ஏதாவது நோயா?"

"கூடப் படிச்சவ ஒருத்தி சிலிகுரியில இருக்கா அண்ணி. இதையேதான் ஆராய்ச்சி பண்றா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் அவ ஒரு வார்த்தை சொல்லட்டும்."

காபி பாதி குடிப்பதற்குள் போன் அதிர்ந்தது. மதுமதி படித்தாள். பிறகு திரையை அகல்யாவிடம் காட்டினாள். சந்தேகமே இல்லை, இமாலயன் நியூட் என்று தோழி எழுதியிருந்தாள். அதன் கீழே இரண்டு கேள்விகள். இது இப்போது எங்கே இருக்கிறது? யார் வைத்திருக்கிறார்கள்?

"இமாலயன்னா?" என்றாள் அகல்யா.

"நம்ம மலை. டார்ஜிலிங் பக்கம். எம்.எஸ்ஸி. படிக்கிறப்போ ஒரு மழைக்காலம் அங்க இருந்தோம். தேயிலைத் தோட்டத்து நடுவுல சின்னச் சின்னக் குளம். மழை விழுந்தா இதுங்க குளத்துக்கு வரும், முட்டை போடும். மத்த நாளெல்லாம் ஈர இலைக்கு அடியில, கல்லுக்கு அடியில கிடக்கும்."

"அப்ப தண்ணியில இருக்காதா?"

மதுமதி அவளைப் பார்த்தாள். பொய் சொல்லிச் சமாதானப்படுத்த நினைத்தாள், முடியவில்லை. "வருஷம் பூரா இருக்காது. ஏறி உக்கார ஒரு கல்லாவது வேணும்."

அகல்யாவின் முகம் மாறியது. தொட்டி நிறையத் தண்ணீர். ஒரு கல் இல்லை, ஒரு கட்டை இல்லை. சீனத்து நியூட் எப்போதும் தண்ணீரில் வாழும் என்று படித்துவிட்டு அவளேதான் விளிம்புவரை ஊற்றினாள். ராஜ்மா பிறாண்டியது விளையாட்டு இல்லை. கரையேற இடம் தேடியது.

"நான் அதை மூணு மாசமா நீந்தவே வெச்சிருக்கேன்" என்றாள். குரலில் கோபம் மட்டும் இருந்தது. "அந்தச் சீட்டுல எழுதியிருந்ததாலதான். சீட்டுல சரியா இருந்திருந்தா நான் சரியா வெச்சிருப்பேன்."

"சரி, விடு" என்றாள் வத்சலா. "மாமாவுக்குச் சரக்குக் குடுக்கிறவங்க பேரு மாத்தி ஒட்டியிருப்பாங்க. அதுக்கென்ன இப்போ. அவன் வந்தா கடையிலேர்ந்து வேற குடுப்பான்."

"பேரு தெரியாம ஒட்டல அண்ணி" என்றாள் மதுமதி. "தெரிஞ்சேதான் ஒட்டியிருக்காங்க."

"புரியல."

"வெளிநாட்டுப் பிராணின்னு சொன்னா வாங்குறவங்க பயப்பட மாட்டாங்க. கேக்கிறவங்களும் சீட்டைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. நம்ம காட்டுலேர்ந்து புடிச்சதுன்னு எழுதினா விக்க முடியாது. இது வனவிலங்குச் சட்டத்துல பாதுகாப்புல இருக்கிறது. புடிக்கிறது, விக்கிறது, வீட்ல வெச்சிருக்கிறது, எல்லாமே குற்றம்."

வத்சலா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் அலாட் ஆனது. கணவன் ராஜவேல் ராணுவத்தில் சுபேதார், ஜோத்பூரில் இருக்கிறான். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு மெமோ வாங்கியவள் இல்லை.

"என் வீட்லயா?" என்றாள்.



முதலில் எழுந்தவள் மதுமதிதான். பெரிய டப்பா ஒன்று கேட்டாள். வத்சலா அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கிக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடியில் துளை போட்டாள். குளோரின் போக வைத்திருந்த தண்ணீரில் துண்டை நனைத்து அடியில் விரித்து, அகல்யா கீழே போய்ப் பொறுக்கி வந்த இலைகளைக் கழுவிப் போட்டாள். ராஜ்மாவை உள்ளே விட்டதும் அது இலைக்கு அடியில் தலையை நுழைத்தது. அப்படியே அசையாமல் கிடந்தது.

"இந்தச் சூடு ஆகாது. ஃபிரிட்ஜில கீழ்த்தட்டுல கொஞ்ச நேரம் வெக்கலாமா அண்ணி? குளிரைக் குறைச்சு வெச்சுக்கலாம்."

சாதாரண நாளாக இருந்தால் வத்சலா இந்த வார்த்தைக்கே வீட்டைத் தலைகீழாக்கியிருப்பாள். இன்று நேராகப் போய், கீழ்த்தட்டிலிருந்த இட்லி மாவைத் தூக்கி வெளியே வைத்தாள். கத்தரிக்காய்ப் பையை நகர்த்தினாள். டப்பாவைத் தானே வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பிறகு தம்பிக்குப் போன் செய்தாள். "ஒடனே கிளம்பி வா."

பிரதீப் வந்தபோது கையில் ஒரு தர்பூசணி இருந்தது. மதுமதி வந்திருக்கிறாள் என்பதால் நல்ல சட்டை போட்டிருந்தான். வாசலிலேயே சிரித்தான்.

"என்னக்கா, என்னை விட்டுட்டே விருந்தா?"

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின், திருச்சியிலிருந்து டவுசரோடு வந்து அக்கா வீட்டில் வளர்ந்தவன் அவன். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கு அவன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறியவள் வத்சலா. முனிர்காவில் மீன் கடை வைத்தபோது ரிப்பன் வெட்டியவளும் அவள்தான். அவன் சிரித்தால் அவளும் சிரித்துவிடுவாள். இன்று சிரிக்கவில்லை.

"அது என்ன நியூட்டு, பிரதீப்?"

"எது? அகல்யாவோடதா? சைனீஸ். ஏன்?"

"மதுமதி இமாலயன்னு சொல்றா."

அவன் மதுமதியைப் பார்த்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்பூசணியை மேஜையில் வைக்கச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டான்.

"அப்படியா? எனக்கு எப்படித் தெரியும்? சப்ளை பண்ற பையா சைனீஸ்னுதான் குடுத்தான். நான் என்ன விலங்கியலா படிச்சேன்? எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"ஒண்ணு மாதிரி இல்ல மாமா" என்றாள் அகல்யா. "வயிறு லால் இல்ல. முதுகுல முடிச்சு இருக்கு. நானே கேட்டேன் உங்ககிட்ட."

"சரி, ஏமாந்துட்டேன். அதுக்கு ஏன் எல்லாரும் கோர்ட்டு மாதிரி உக்காந்திருக்கீங்க?" அவன் தொட்டியைப் பார்த்தான். "எங்க அது?"

"சாகக் கிடக்கு" என்றாள் அகல்யா.

"உன் தண்ணிதான் சரியில்ல. கடையில இருக்கிறதெல்லாம் ஜம்முனுதானே இருக்கு, ஈரப் பாசியில..."

நிறுத்திக்கொண்டான். ஆனால் சொல்லியாகிவிட்டது.

"கடையிலயும் இருக்கா?" என்றாள் மதுமதி.

பிரதீப் தர்பூசணியை மேஜையில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தான்.

"ஈரப் பாசியிலயா வெச்சிருக்கீங்க?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சீனத்து நியூட்டுன்னு நம்பினவர் பாசி மேல வெச்சிருக்க மாட்டார். தண்ணியிலதான் வெச்சிருப்பார். இது என்னன்னு உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

அகல்யா எழுந்து மாமாவுக்கு எதிரே வந்து நின்றாள். "கடையில இருக்கிறதுக்குப் பாசி. எனக்கு ஏன் தண்ணி?"

"கண்ணு, அது..."

"நான் தண்ணி ஊத்தினப்ப ஏன் மாமா தடுக்கல?"

"சீட்டுல அப்படி இருக்கில்ல. நீ பாசி போட்டு வெச்சா, யாராவது பாத்து இது என்ன நியூட்டுன்னு கேப்பாங்க. நீ உடனே நெட்ல போடுவே." அவன் தோளைக் குலுக்கினான். "இவ்ளோ நாள் உயிரோட இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

அந்த வார்த்தை அறையில் விழுந்து கிடந்தது. அகல்யா கண் சிமிட்டாமல் அவனைப் பார்த்தாள். பிறந்தநாள் கேக்கின் க்ரீமை அவன் மூக்கில் தடவிக் கட்டிப்பிடித்த பெண் அவள். சாகும் என்று தெரிந்தே ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருக்கிறான்.

"தூ" என்றாள். அது அவனை நோக்கியா, அந்தச் சீட்டை நோக்கியா என்று தெரியவில்லை. தொட்டியிலிருந்து சீட்டைப் பிய்த்து எடுத்துக் கசக்கிக் கீழே போட்டாள்.

"அகல்யா" என்றான் பிரதீப், கண்டிக்கும் குரலில்.

"அவளை ஒண்ணும் சொல்லாதே" என்றாள் வத்சலா.

அக்காவின் குரல் அப்படி இருந்து அவன் கேட்டதில்லை. ஆனாலும் பேசினான். கடை ஓடவில்லை என்றான். தங்கமீன் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, வேறு எவனிடமும் இல்லாதது இருந்தால்தான் பெரிய வீட்டுப் பிள்ளைகள் தேடி வருவார்கள் என்றான். கல்யாணத்துக்குள் தலைநிமிர்ந்து நிற்க நினைத்ததாகச் சொன்னான். நான்கு கால் ஜந்துவுக்காக யாரும் யாரையும் தூக்கில் போட மாட்டார்கள் என்றான்.

"நம்ம குளம் ஒண்ணு இருந்தது" என்றாள் மதுமதி, அவன் முடித்தபின். "நம்மன்னா நாங்க வேலை செஞ்ச குளம். போன வருஷம் என் தோழி போனப்ப அதுல ஒண்ணுகூட இல்லையாம். கீழேயிருந்து ஆள் வந்து வலை போட்டு அள்ளிட்டுப் போனாங்கன்னு ஊர்க்காரங்க சொல்லியிருக்காங்க. யார் வாங்குவாங்க இதைன்னு அவ என்கிட்ட அழுதா. நான் உங்ககிட்ட அதைச் சொன்னேன். கன்னாட் பிளேஸ்ல, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு. நீங்க பாவம்னு சொன்னீங்க."

பிரதீப் தலை குனிந்தான்.

"நிச்சயத்துக்குக் கூப்பிட்டவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்" என்றாள் மதுமதி.

"மது, ஒரு நிமிஷம்..."

"வேண்டாம் பிரதீப்."

வத்சலா எதிர்பார்த்திருந்தாள். இருந்தும் வலித்தது. இந்தச் சம்பந்தத்துக்காக அவள் ஏறி இறங்கிய படிகள் எத்தனை. அந்த வலியும் சேர்ந்து கோபமாகவே மேலே வந்தது.

"நீயே வனத்துறைக்குப் போன் பண்ணு" என்றாள் தம்பியிடம். "எங்கேர்ந்து வந்தது, யார் குடுத்தாங்க, கடையில என்ன இருக்கு, எல்லாத்தையும் சொல்லு. நீயே போய்ச் சொன்னா அதுக்கு ஒரு மரியாதை இருக்கும்."

"பைத்தியமாக்கா உனக்கு? எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய் எங்கயாவது விட்டுடறேன். லோதி கார்டன்ல குளம் இருக்கு. முடிஞ்சுது."

"டில்லி வெயில்ல அந்தக் குளத்துலயா?" என்றாள் அகல்யா. "அது விடறது இல்ல மாமா. கொல்றது."

"நீ சும்மா இரு."

"நீ போன் பண்றியா, நான் பண்ணட்டுமா?" என்றாள் வத்சலா.

அப்போதுதான் பிரதீப் அதைச் சொன்னான். தணிந்த குரலில், அக்காவுக்கு நல்லது சொல்வது போலவே சொன்னான்.

"யோசிச்சுக்கோக்கா. அது என் வீட்ல இல்ல, உன் வீட்ல இருந்துச்சு. கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ்ல, பிப்ரவரிலேர்ந்து. அத்தான் யூனிஃபார்ம் போட்ட ஆளு. உன் ஆபீஸுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? என்னை மாட்டிவிட்டா நீயும்தான் மாட்டுவே."

வத்சலா அவனைப் பார்த்தாள். அவன் அம்மை போட்டுக் கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் விசிறிவிட்ட முகம் அது. இப்போது அந்த முகம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அகல்யாவின் பிறந்தநாளன்று தொட்டியைத் தூக்கி வந்தபோதே இந்தக் கணக்கு இருந்ததா, இல்லை இன்றுதான் தோன்றியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் தாங்க முடியாது போலிருந்தது.

"வெளிய போ" என்றாள்.

"அக்கா..."

"என் வீட்டை விட்டு வெளிய போடா."

அவன் போனான். படியில் தடதடவென்று இறங்கும் சத்தம், கீழே பைக் உறுமும் சத்தம்.

முதலில் சுதாரித்தவள் அகல்யா. "அம்மா, அவர் கடைக்குத்தான் போறார். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவார். ஜல்தி, சீக்கிரம்."

வத்சலா செருப்பை மாட்டினாள். கேசரி மூடியபடியே அடுப்பு மேடையில் இருந்தது.

ஆட்டோ கிடைக்கத் தாமதமானது. கிடைத்த ஆட்டோ ரிங் ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்றது. அனல் காற்று முகத்தில் அறைந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த வத்சலா, "பையா, ஜல்தி சலோ" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

முனிர்கா சந்துக்குள் ஆட்டோ நுழைய முடியாது. இறங்கி ஓடினார்கள். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பைக் வாசலில் நின்றது. கடையின் வெள்ளை வேன் மட்டும் இல்லை. பக்கத்தில் துணி தேய்ப்பவர், பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு இப்போதுதான் போனான் என்று கையைக் காட்டினார்.

குனிந்து உள்ளே போனார்கள். முன்பக்கம் வழக்கம்போல் தங்கமீன்கள், காற்றுக் குமிழிகள். பின்னாலிருந்த சின்ன அறையை வத்சலா இதுவரை பார்த்ததில்லை. சரக்கு வைக்கும் இடம் என்று சொல்லியிருந்தான். கதவைத் தள்ளியதும் ஏசியின் குளிர் முகத்தில் அடித்தது. தட்டுகள் காலி. தரையெல்லாம் ஈரம், மிதிபட்ட பச்சைப் பாசி. தட்டுகளில் டப்பாக்கள் இருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாக உலர்ந்திருந்தது. சுவர் நீளத்துக்கும் அந்தச் சதுரங்கள்.

"இத்தனையா?" என்றாள் வத்சலா.

மூலையில் ஒரே ஒரு டப்பா கிடந்தது. அவசரத்தில் கைதவறி விழுந்து, மூடி திறந்துகொண்டிருந்தது. மதுமதி முழங்காலிட்டாள். உள்ளே இருந்ததைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள். அது இன்று செத்ததல்ல. முன்பே செத்து, எடுத்துப்போடக்கூட ஆளில்லாமல் கிடந்திருக்கிறது.

டப்பாவின் மேல் அதே சீட்டு, அதே சீனத்துப் பெயர்.

அகல்யா அழவில்லை. காலியான தட்டை ஓங்கி உதைத்தாள். தகரம் அதிர்ந்த சத்தத்தில் முன்பக்கத்து மீன்கள் சிதறி ஓடின. இன்னொரு முறை உதைத்தாள். வத்சலா தடுக்கவில்லை. அந்தச் சத்தம் அவளுக்கும் தேவையாக இருந்தது.

"வனத்துறை நம்பர் சொல்லு" என்றாள் மதுமதியிடம்.

அவள் சொல்ல, வத்சலா அழுத்தினாள். எதிர்முனையில் ஒரு பெண் ஹிந்தியில் பேசினாள். வத்சலா அலுவலகத்தில் கோப்பு படிக்கும் குரலில், ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். என்ன பிராணி. எந்தப் பெயரில் விற்கிறார்கள். கடை எங்கே இருக்கிறது. ஒன்று தன் வீட்டில், ஃபிரிட்ஜில், உயிரோடு இருக்கிறது.

வீட்டில் வைத்திருப்பவர் பெயர் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள்.

"நான்" என்று வாயெடுத்தாள் அகல்யா. வத்சலா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். தன் பெயர், பதவி, குவார்ட்டர்ஸ் எண், மூன்றையும் சொன்னாள்.

கடைக்காரர் பெயர்?

"பிரதீப்."

உங்களுக்குத் தெரிந்தவரா?

"என் கூடப் பிறந்தவன்" என்றாள் வத்சலா.

ஆள் அனுப்புவதாகச் சொல்லி அந்தப் பெண் வைத்தாள். போனைப் பைக்குள் போடுவதற்குள் அது மறுபடி அடித்தது. ராஜவேல்.

"பிரதீப் பேசினான்" என்றான் கணவன். "நீ அவனைப் புடிச்சுக் குடுக்கப் போறியாமே. அழறான். என்ன நடக்குது அங்க?"

"குடுத்தாச்சுங்க. இப்பத்தான் சொல்லி முடிச்சேன்."

"உன் வேலை?"

"பயமாத்தான் இருக்கு. எனக்கு இப்ப இருக்கிற கோபத்துல அந்தப் பயம் பெருசாத் தெரியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் வத்சலா."

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அவன் மறுக்கவில்லை. வத்சலா கேட்டாள்: "அவன் எங்க இருக்கான்? வேன்ல எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்."

"இங்கதான் வந்துட்டு இருக்கான்."

"எங்க?"

"ஜோத்பூருக்கு. ஜெய்ப்பூர் ரோட்டுல ஏறிட்டானாம். அத்தான் குவார்ட்டர்ஸுக்குள்ள எவனும் வந்து தேட மாட்டான், ரெண்டு நாள் வெச்சிருந்துட்டு எடுத்துக்கறேங்கிறான்."

போனை ஒட்டி நின்றிருந்த அகல்யாவுக்கு அது கேட்டது. "ஜோத்பூரா?" என்றாள் மதுமதியைத் திரும்பிப் பார்த்து. "வேன்ல ஏசி கிடையாது. இந்த வெயில்ல ராஜஸ்தான் வழியா. மதுக்கா, ஒண்ணுகூட மிஞ்சாது." மதுமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வந்தா கதவைத் திறக்காதீங்க" என்றாள் வத்சலா போனில்.

"எப்படித் திறக்காம இருக்கிறது? சின்ன வயசுலேர்ந்து நம்ம வீட்ல வளர்ந்தவன். நம்மை விட்டா அவனுக்கு யாரு இருக்கா?"

"அது தெரிஞ்சுதாங்க அங்க வர்றான்."

"வத்சலா, நான் சொல்றதைக் கேளு. அவன் வந்து சேரட்டும், நான் பேசிக்கிறேன். அதுவரைக்கும் நீ யாருக்கும் ஒண்ணும் சொல்லாதே."

அவள் போனை வைத்தாள். அகல்யா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று அவளால் ஊகிக்க முடியவில்லை.

வத்சலா முதலில் பேசிய எண்ணையே திரும்ப அழைத்தாள். அதே பெண்ணின் குரல்.

"கொஞ்ச நேரம் முன்னால் முனிர்கா கடை பற்றிப் பேசினேன்" என்றாள் ஹிந்தியில். அந்த வேன் வாங்கியபோது பூஜை போட்டு, நம்பர் பிளேட்டில் குங்குமம் வைத்தவள் அவள்தான். எண்ணை அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு வண்டி ஜெய்ப்பூர் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. நம்பர் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."